திரும்பி வந்த வீரர்



வேலூர் நகரத்தில் லாங் பஜார் என்று மக்கள் வழங்கும் கடைத்தெருவில் பழைய மணிக்கூண்டு ஒன்று உண்டு. அதில் கல்வெட்டுப் பலகை ஒன்று பதிக்கப்பெற்றுள்ளது. 1914-இல் மூண்ட பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அது ஆங்கிலத்தில் அறிவிக்கிறது. அவ்வளவே. சென்றவர் எவர், மாண்டவர் எவர், யாருடைய பிள்ளை, யாருடைய கணவர் என்பதை அந்தக் கல் சொல்லவில்லை. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை.

நான் கணக்கு வாத்தியாராகவே என் பணியைத் தொடங்கியவன். ஆதலால் அந்தப் பலகையைக் காணுந்தோறும் என் மனம் ஒரு கழித்தலைச் செய்யும். 277-இலிருந்து 14 போனால் மீதி 263. அந்த 263 பேரும் திரும்பி வந்தவர்கள். வந்தபின் அவர்கள் என்ன ஆனார்கள்? உழுதார்களா, கூலி வேலை செய்தார்களா, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்களா, பெற்ற தாயைக் கடைசிவரை காத்தார்களா? இதற்குக் கல்லில் விடை இல்லை.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் கருத்துடையவர். எங்கள் பேரணாம்பட்டுக்கு அண்மையிலுள்ள ஆம்பூரில் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தவை அவை. நுளம்பன் படை ஆநிரை கவர வந்தபோது எதிர்நின்று வீழ்ந்த வீரரைப் பெயர் சொல்லி அந்தக் கற்கள் போற்றுகின்றன. ஆயினும் அங்கும் ஒரு குறை உண்டு. நடுகல் வீழ்ந்தவனுக்கு உரியது. மீண்டவனுக்குக் கல் இல்லை. உயிர் கொடுத்தவரை வணங்குவது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் உயிரோடு மீண்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் தம் குடும்பத்துக்கும் ஊருக்கும் கொடுத்தவரை நினைப்பதும் கடமை அன்றோ? அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் புகழ் வேண்டாதவர். ஆதலின் பெயரைக் கூறாது விடுகிறேன். எங்கள் ஊரார் அவரை அழைத்தவாறே ‘ஹவில்தார் ஐயா’ என்று நானும் அழைக்கிறேன்.

முதலில் எங்கள் வட்டாரத்தைச் சிறிது அறிந்துகொள்ளுங்கள். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்திய எங்கள் பக்கத்துத் தோல் கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. முதல் உலகப் போரின்போது படைவீரருக்கான காலணிகள் செய்ய, சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோலைப் பிரிட்டிஷ் அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்தது. காலணிக்குத் தோலும் இங்கிருந்து போயிற்று. அந்தக் காலணியை அணிந்து நடக்கும் கால்களும் இங்கிருந்து போயின. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் படைக்கு ஆள் தருவதில் என்றும் பின்வாங்கியதில்லை. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பி, ‘ராணுவப்பேட்டை’ என்றே வழங்கப் பெறுகிறது.

இதில் ஒரு வரலாற்று விந்தையும் உண்டு. தென்னாட்டார் போருக்கு ஏற்ற இனத்தார் அல்லர் என்று அந்நாளைய ஆங்கில அதிகாரிகள் சிலர் ஒரு கொள்கை வகுத்தனர். அதன் பயனாக, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேர்கொண்ட சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் முதல் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கொள்கை காற்றில் பறந்தது. சென்னைப் படைப்பிரிவு மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் எந்நாளும் கலைக்கப்படாமல் தொடர்ந்து நின்ற தென்னாட்டுப் படை ஒன்று உண்டு. அதுவே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர் படை. 1780-ஆம் ஆண்டு தோன்றிய பொறியாளர் படை அது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடியை அகற்றுவது ஆகியவை அதன் பணிகள். காலாட்படையும் பீரங்கிப் படையும் செல்வதற்கு முன்னே சென்று வழி செய்வோர் இவர்களே. இப்படையின் வீரரைத் ‘தம்பி’ என்று அழைப்பது இன்றும் வழக்கம்.

காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் இப்படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலி நாட்டில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து, உடனிருந்தோரைக் காப்பாற்றி உயிர் துறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருது, அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவர் பெயரை நாடு அறியும். அதே படையில் பணிசெய்து, வீடு திரும்பியவர் எங்கள் ஹவில்தார் ஐயா.

அவர் பிறந்தது 1923-இல். தந்தையை இளமையிலேயே இழந்தவர். தாயும் இரண்டு தங்கைகளும் அவர் பொறுப்பில் இருந்தனர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோல் பதனிடும் சாலையில் பட்டை இடிக்கும் கூலி வேலைக்குப் போனார். 1941-இல், பதினெட்டு வயதில், ஆம்பூரில் ரயிலேறிப் பெங்களூர் சென்று படையில் சேர்ந்தார். ஏன் சேர்ந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். தேசம், வீரம் என்று ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்தேன். “வீட்டில் நான்கு வயிறு. மாதம் தவறாமல் பணம் வரும் வேலை அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது” என்றார். வீரர் என்பவர் வானத்திலிருந்து குதிப்பவர் அல்லர். பெரும்பாலும் வீட்டின் பசியிலிருந்தே புறப்படுகிறார் என்பதை நீங்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

படை அவருக்கு இரண்டு கல்வியைத் தந்தது. ஒன்று தச்சும் கொத்தும் பாலவேலையும். மற்றொன்று மொழி. அந்நாளில் படையின் பொதுமொழி, ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட உருது. அதைக் கற்றுத் தேர்வு எழுதினார். உருது பேசுவோர் மிகுந்த எங்கள் ஊரில், பின்னாளில் அவருக்கு எல்லாத் தெருவும் சொந்தத் தெருவானதற்கு அந்தக் கல்வியும் ஒரு காரணம்.

1943-இல் விடுப்பில் வந்தபோது அவருக்குத் திருமணம் நடந்தது. சில வாரங்களில் பர்மா எல்லைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஜப்பானியரை எதிர்த்துப் பதினான்காம் படை போரிட்டுக் கொண்டிருந்தது. சேறும் காடும் மழையுமான அந்நாட்டில், பாதையே பெரும் பகை. 1944 டிசம்பரில் சிந்துவின் ஆற்றின் குறுக்கே கலேவாவில் 1,154 அடி நீளமுள்ள பெய்லி பாலம் அமைக்கப்பட்டது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட பெய்லி பாலம் அதுதான். இத்தகைய பணிகளிடையே எங்கள் ஊர் இளைஞர் ஒருவரும் சேற்றில் நின்று மரம் சுமந்தார்.

இங்கே ஊரில் அவர் மனைவியோ எழுத்தறியாதவர். கணவரிடமிருந்து கடிதம் வரும். தபால்காரர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பார். மாமியார் இருப்பார், நாத்தனார்மார் இருப்பர், அண்டை வீட்டாரும் கூடுவர். புதுமணப் பெண்ணுக்குக் கணவர் எழுதும் சொல்லைத் தெருவே கேட்கும். ஆதலால் அவர் ஒன்றும் எழுத முடியவில்லை. இவர் ஒன்றும் கேட்க முடியவில்லை. ‘அனைவரும் நலமா, நான் நலம்’ என்பதற்கு மேல் கடிதம் வளரவில்லை.

அப்போது அவர் ஓர் உபாயம் செய்தார். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரே ஒரு சொல்லை மிகப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் அதன் படத்தையும் வரைந்து அனுப்பினார். முதற் கடிதத்தில் ‘படி’ என்று எழுதி, நாழிப்படி ஒன்றை வரைந்திருந்தார். அடுத்ததில் ‘அம்மி’. அதற்கடுத்ததில் ‘மாடு’. படம் வீட்டிலுள்ள பொருள்; ஆதலால் சொல் தெரிந்தது; சொல் தெரிந்ததால் எழுத்துத் தெரிந்தது. அந்த அம்மையார் அடுப்புக்கரி கொண்டு சுவரில் அதைப் பலமுறை எழுதிப் பழகினார். தபால்காரர் அடுத்த முறை வரும்போது சுவரைப் பார்த்துப் பிழை திருத்திச் செல்வார்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. நூல்கள் கற்று நாங்கள் தேர்வில் எழுதிய அந்த விதியை, ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு சிப்பாய், போர்க்களத்திலிருந்து அஞ்சல் வழியாகவே நடத்திக் காட்டினார். நான் ஆசிரியரான பின் அக்கடிதங்களை அவர் மனைவியே எனக்குக் காட்டினார். தகரப் பெட்டியில் ஆண்டு வரிசையாகக் கட்டி வைத்திருந்தார். தணிக்கை அதிகாரியின் முத்திரை விழுந்த தாள்கள். பக்கம் பக்கமாகப் படங்கள் குறைந்து, எழுத்துகள் கூடி வருவதை அங்கே கண்டேன். பல பள்ளிகளில் பாடநூல்களைப் பார்த்திருக்கிறேன். அதனினும் சிறந்த அரிச்சுவடியை நான் கண்டதில்லை.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. அவர் தொடர்ந்து சுதந்திர இந்தியாவின் படையில் பணியாற்றினார். மறு ஆண்டே காஷ்மீர் சென்றார். இனி நான் சொல்லப்போவது உங்கள் வரலாற்று நூல்களில் விரிவாக இராது. எனினும் தமிழ் மாணவர் அறிய வேண்டிய செய்தி.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையும் லடாக்கையும் இணைக்கும் வாயில் சோஜிலா கணவாய். பதினோராயிரத்து ஐந்நூறு அடிக்கு மேற்பட்ட உயரம். 1948-இல் அது பகைவர் கையில் இருந்தது. அதனால் லடாக்கின் தலைநகர் லே துண்டிக்கப்பட்டுத் தவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காலாட்படை கொண்டு செய்த முயற்சி பலிக்கவில்லை. குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பனி மூடினால் அடுத்த கோடை வரை ஒன்றும் செய்ய இயலாது. அவ்வேளையில் ஜெனரல் திம்மையாவின் தலைமையில் துணிவான திட்டம் ஒன்று உருவாயிற்று. அத்துணை உயரத்தில் எவரும் எதிர்பாராதவாறு டாங்கிகளைக் கொண்டு தாக்குவதே அத்திட்டம். ஏழாம் குதிரைப்படைப் பிரிவின் ஸ்டூவர்ட் டாங்கிகள் சம்மு பக்கத்திலிருந்து இரகசியமாகக் கொண்டுவரப்பட்டன.

ஆனால் டாங்கி ஏற வழி எங்கே? பால்தாலிலிருந்து கணவாய்க்கு மேலே சென்றது கோவேறு கழுதை நடக்கும் ஒற்றையடித் தடமே. அத்தடத்தை டாங்கி செல்லும் பாதையாக்கும் பொறுப்பு, மேஜர் தங்கராஜு தலைமையில் சென்னைச் சாப்பர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த தென்னாட்டுப் பிள்ளைகள், பனிக்காற்றில், பகைவரின் குண்டுக்கு நடுவே, பாறையை வெடித்தும் மண்ணை வெட்டியும் பாதை சமைத்தனர். நவம்பர் முதல் நாள், பனி தூவிக்கொண்டிருந்தபோது, டாங்கிகள் அப்பாதையில் ஏறின. பகைவர் திகைத்தனர். கணவாய் கைக்கு வந்தது. அம்மாத இறுதிக்குள் நம் படை கார்கிலை அடைந்தது, லே காப்பாற்றப்பட்டது.

வேலூர் வெயிலை அறிந்த உங்களுக்கு அந்தப் பனியைச் சொல்லி விளக்குவது அரிது. எங்கள் ஹவில்தார் ஐயா அங்கே இடக்காலின் இரு விரல் நுனிகளைப் பனிக்குக் கொடுத்தார். அதைக் குறித்து அவர் பேசியதே இல்லை. வீட்டார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் ஒருநாள் அவரிடம், “ஐயா, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?” என்று கேட்டுவிட்டான். அவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, நான் சுட்டது குறைவு, வெட்டியதுதான் அதிகம், மண்வெட்டிதான் என் ஆயுதம்” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, “நாங்கள் போட்ட வழியில் பலர் மேலே போனார்கள். அதில் சிலர் திரும்பவில்லை. அதை மட்டும் நான் மறப்பதில்லை” என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் மூன்று மாதங்களாக வீட்டுக்குக் கடிதம் இல்லை. தாயார் கோயில் கோயிலாகச் சென்றார். ஊரில் ஏதேதோ பேச்சு. டிசம்பர் மாதம் ஒருநாள் தபால்காரர் கடிதம் கொண்டுவந்தார். வழக்கம்போல் திண்ணையில் அமர்ந்து உறையைப் பிரிக்கப் போனார். அப்போது அந்த அம்மையார் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தாமே படித்தார். முதல்முறையாக அந்தத் தெரு அவர் கணவரின் சொல்லைக் கேட்கவில்லை. மாமியாரிடம் மட்டும், “உயிரோடு இருக்கிறார்” என்று கூறிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அக்கடிதத்தையும் எனக்குக் காட்டினார். ஆனால் படிக்கத் தரவில்லை. அது முறையே.

பதினெட்டு ஆண்டுப் பணிக்குப் பின் 1959-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றுத் திரும்பினார். சிறிய ஓய்வூதியம். கட்டட வேலை மேற்பார்வை செய்து இரண்டு பெண்களையும் ஒரு பையனையும் வளர்த்தார். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டாத காலம் அது. மூத்த பெண்ணை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். உறவினர் முணுமுணுத்தபோது, “இவள் அம்மா சுவரில் கரியால் படித்தாள். இவள் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதட்டும்” என்பார்.

அவர் ஊருக்குச் செய்த தொண்டு ஒன்றை விரித்துரைக்க வேண்டும். படையில் சேரும் இளைஞர் எவரும் அவரிடம் வாழ்த்துப் பெற வருவர். அவர் வீரமொழி பேசமாட்டார். “திருமணமானால் உடனே மனைவி பெயரைப் பதிவேட்டில் ஏற்று; பிள்ளை பிறந்தால் பிள்ளை பெயரை ஏற்று; உங்கள் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைக் கொடுக்காதே; குடும்ப அட்டையில் எப்படி உண்டோ அப்படியே எழுத்துக்கு எழுத்துக் கொடு” என்பார். படைவீரரின் திருமணம், பிள்ளைப்பேறு முதலியவற்றைப் பிரிவு அலுவலகம் ஓர் ஆணையாக வெளியிட்டுப் பதிவு செய்தால்தான், பின்னாளில் குடும்ப ஓய்வூதியம் தடையின்றி வரும். இதை அறியாத குடும்பங்கள் பல.

எங்கள் ஊரில் ஒரு விதவைத் தாய்க்கு அந்த இடர் வந்தது. கணவர் தம் பணிப் பதிவேட்டில் மனைவியின் செல்லப் பெயரை எழுதியிருந்தார். அவர் மறைந்தபின், இப்பெண் வேறு, அப்பெண் வேறு என்று ஓர் அலுவலகம் தாளைத் திருப்பி அனுப்பிற்று. ஹவில்தார் ஐயா அதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டார். கிராம நிருவாக அலுவலரின் சான்று, திருமணத்துக்குச் சாட்சியான பெரியோர் இருவரின் உறுதிமொழி, பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பதினொரு மனுக்கள் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஓய்வூதியம் வந்தது. அந்த அம்மாள் நன்றி சொல்ல வந்தபோது, “எனக்கு எதற்கம்மா? உன் வீட்டுக்காரர் உழைத்த கூலி, வழியில் பாறை கிடந்தது, அவ்வளவுதான்” என்றார்.

இனி அவர் வாழ்வில் நான் மிகப் பெரிதாக மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். 1984-இல் அவர் மனைவிக்குப் பக்கவாதம் கண்டது. வேலூரில் மருத்துவம் செய்து உயிர் பிழைத்தார். ஆனால் வலக்கையும் வலக்காலும் விழுந்தன, நா குழறியது, அவர் சொல்வது எவருக்கும் விளங்கவில்லை. மகளிர் இருவரும் மணமாகி வெளியூரில் இருந்தனர். மகன் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குப் போய்வந்தார். மருமகள் கைக்குழந்தையோடு இருந்தாள். பிள்ளைகள் ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றனர். அவர் ஒப்பவில்லை.

அறுபத்தொரு வயதில் அந்த ஹவில்தார் மீண்டும் சாப்பராகப் பணி ஏற்றார். கட்டிலிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து புழக்கடை வரை, மூங்கில் நட்டுக் கைப்பிடி கட்டினார். மனைவியின் உயரத்தை அளந்து, இடக்கைக்கு எட்டுமாறு அமைத்தார். படிக்கட்டை இடித்துச் சரிவாக்கினார். விடியற்காலையில் எழுந்து வெந்நீர் வைத்து, முகம் கழுவி, தலை வாரி, பின்னல் போட்டுவிடுவார். பின்னர் அவர் இடக்கையைக் கைப்பிடியில் வைத்து, மறுபுறம் தாம் தாங்கி, அடி அடியாக நடத்துவார். முதல் மாதம் கட்டிலிலிருந்து நிலைப்படி வரை. ஆறு மாதத்தில் புழக்கடை வரை. ஓராண்டில் தெருத்திண்ணை வரை.

பேச்சு மட்டும் திரும்பவில்லை. அவர் மரப்பலகை ஒன்றைக் கருமையாக்கி, அதில் தமிழ் எழுத்துகளைப் பெரிது பெரிதாக வெள்ளையில் எழுதினார். அந்த அம்மையார் இடக்கை விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். இவர் கூட்டிப் படிப்பார். தண்ணீர் வேண்டும், பேத்தியைத் தூக்கி வா, மகளுக்குக் கடிதம் எழுது என்று அந்த வீட்டின் பேச்சு மீண்டும் தொடங்கியது. பர்மாவிலிருந்து அவர் ஒவ்வொன்றாக அனுப்பிய எழுத்துகள் அல்லவா அவை? நாற்பது ஆண்டுகளுக்கு முன் மனைவிக்குக் கொடுத்தது, அன்று இருவருக்கும் பயன்பட்டது.

ஆண்பிள்ளை மனைவிக்குத் தலை பின்னுவதா என்று நகைத்தவரும் உண்டு. ஒருவர் நேரிலேயே கேட்டார். நான் அப்போது உடனிருந்தேன். ஹவில்தார் ஐயா கோபம் கொள்ளவில்லை. “எனக்காகப் பதினாறு ஆண்டு காத்தவள். என் தாயைக் கடைசிவரை பார்த்தவள். என் தங்கைகளுக்குத் திருமணம் செய்து வைத்தவள். அது காவல் பணி இல்லையா? இப்போது என் முறை” என்றார். கேட்டவர் தலை குனிந்து போனார்.

அந்தப் பணி ஏழு ஆண்டுகள் நடந்தது. 1991-இல் அம்மையார் மறைந்தார். 1996-இல் இவரும் மறைந்தார். அவருடைய பெட்டியில் பர்மா நட்சத்திரப் பதக்கமும், ஜம்மு காஷ்மீர் பட்டையுடன் கூடிய பொதுச் சேவைப் பதக்கமும் இருந்தன. அவற்றோடு அந்தக் கடிதக் கட்டும், எழுத்துப் பலகையும் இருந்தன. மகள் பலகையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அவர் பணியாற்றிய பள்ளியில் சில ஆண்டுகள் அது முதல் வகுப்பில் தொங்கியது.

மாணவர்களே, திருவள்ளுவர் படைமாட்சிக்கும் படைச்செருக்குக்கும் அதிகாரம் வகுத்தார். அதே நூலில் இல்வாழ்க்கைக்கும் வாழ்க்கைத் துணைநலத்துக்கும் அதிகாரம் வகுத்தார். இவை வெவ்வேறு மனிதர்க்குச் சொன்னவை என்று இளமையில் நினைத்தேன். ஹவில்தார் ஐயாவைக் கண்டபின் அவ்வாறு நினைக்கவில்லை. பொறுமை, ஒழுங்கு, தமக்கு முன்னே பிறர் செல்ல வழி செய்தல் ஆகியவற்றைப் படையில் கற்றார், வீட்டில் செலவிட்டார். கணவாயில் ஒரு மாதம் காட்டிய உறுதியினும், கட்டிலருகே ஏழு ஆண்டுகள் காட்டிய உறுதி குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். முன்னதற்குப் பதக்கம் உண்டு; பின்னதற்குப் பதக்கம் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாளைப் படைவீரர் கொடிநாளாக 1949 முதல் கொண்டாடி வருகிறோம். உண்டியலில் காசு போடுகிறீர்கள்; சட்டையில் கொடி குத்திக்கொள்கிறீர்கள். அது நன்று. வரும் கொடிநாளில் அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் தெருவிலோ ஊரிலோ படையிலிருந்து திரும்பியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் வீட்டுக்குச் சென்று, அனுமதி பெற்று, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அவர் பெயர் என்ன, எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எங்கெங்கே பணியாற்றினார் என்று கேளுங்கள். அந்த வரிகளுக்குக் கீழே மற்றொரு பெயரையும் கேட்டு எழுதுங்கள். அவர் அங்கே இருந்தபோது இங்கே வீட்டைக் காத்தவர் யார்? தாயா, மனைவியா, தங்கையா? அவர் பெயர் எது?

இரண்டு பெயரையும் பிழையின்றி எழுதுங்கள். எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து எழுதுங்கள்.